மூன்று முகங்களுக்கு இடம்

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள் கோகிலா. "கன்னத்துக் குழி, முன்பல்லு சந்து எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா இது என் பொண்ணு இல்ல. சன்மதியை எங்க வெச்சிருக்கீங்க?"

சன்மதிக்கு ஏழு வயது. பள்ளிச் சீருடையோடு ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரம் நின்றிருந்தாள். மூளைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த அம்மா கண் விழித்துவிட்டாள் என்று வகுப்பிலிருந்து பாதியில் கூட்டி வந்திருந்தார்கள்.

"அம்மா, நாந்தாம்மா" என்று கையை நீட்டினாள்.

கோகிலா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். குழந்தை மறுபடி நெருங்கியது. தள்ளினாள். இரும்புக் கட்டிலின் விளிம்பு உதட்டில் பட்டு ரத்தம் வந்தது.

பூபதி ஓடிப்போய் மகளைத் தூக்கினான். "கோகிலா, என்ன பண்றே? நம்ம சன்மி!"

அவள் அவனையும் ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களுந்தான். எங்க வீட்டுக்காரர் மாதிரி மீசை வெச்சுட்டு வந்து நின்னா நான் நம்பிருவனா?"

கரூர் டாக்டர்கள், காய்ச்சலின் மிச்சம், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சரியாகவில்லை. தானே பொங்கிய சோற்றை மட்டும் தின்றாள். தையல் மிஷின் இருந்த அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தாள். பூபதி பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். தகரம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தத் தெரியும். இதை எங்கே தட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு மாலை அவன் வீடு திரும்பியபோது சன்மதி குளியலறைக்குள் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்டியா சாமி? யாரு தலை வாரி விட்டாங்க? அழுகாதே, உன்னைக் கொண்டு போனவங்க ஒரு நாளைக்கு விட்டுருவாங்க. அம்மா வந்துருவேன்" என்று போனில் கேட்டது கோகிலாவின் குரல். அதே குரல் பூட்டிய அறைக்குள்ளிருந்தும் கேட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்.

பூபதி நடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

* * *

கோயம்புத்தூரில் ஒரு மூளை ஆராய்ச்சி மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குடும்பமே கூட வந்திருந்தது. பூபதியின் அம்மா ருக்குமணி, கோகிலாவின் அம்மா சாவித்திரி, சன்மதி. டாக்டர் பர்வீன் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. எதையும் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மூளைக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு போர்வை இருக்கு. புறணின்னு சொல்வோம். கனம் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். உங்க பேச்சு, நினைப்பு, அடையாளம், பெரும்பாலும் அதுக்குள்ளதான். கோகிலாவுக்கு அதுலதான் அடி."

"புறணியா?" என்றாள் ருக்குமணி. "அதைப் பேசறதுக்கு அவளுக்கு நேரம் ஏதுங்க? பொழுதன்னைக்கும் தையல் மிஷின்லயே கெடப்பா."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார்.

"ஒரு முகத்தைப் பார்த்தா ரெண்டு வேலை நடக்குதும்மா. இது யார் முகம்னு ஒரு இடம் சொல்லும். இது நம்ம ஆளுன்னு இன்னொரு இடம் நெஞ்சை லேசா ஒரு தட்டுத் தட்டும். கோகிலாவுக்கு முதல் வேலை ஒழுங்கா நடக்குது. அந்தத் தட்டுதான் வரல. முகம் மகளோடது, ஆனா மகளைப் பார்த்த மாதிரி இல்ல. அப்ப மூளை என்ன பண்ணும்? தானே ஒரு கதை கட்டிக்கும். இது போலி, அசலை யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு."

"எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாளுங்களா?" என்றான் பூபதி.

"நெருப்பு சுடலன்னு நான் எடுத்துச் சொன்னா நீங்க கையை வெப்பீங்களா?"

"போன்ல பேசினா மட்டும் தெரியுதுங்களே!"

"குரல் வேற வழியா போகுது. அந்த வழி கெடல."

பிறகு ஒட்டு பற்றிச் சொன்னார். கோகிலாவின் தோலிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் புறணித் திசுவாக வளர்ப்பார்கள். புளியங்கொட்டை அளவு வந்ததும் மண்டையைத் திறந்து, கெட்டுப்போன இடத்தில் ஒட்டுவார்கள். ஒட்டு பிடித்த பிறகு சில வாரங்கள் அது ஈரக் களிமண் மாதிரி இருக்கும். அப்போது ஒரு முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, கூடவே நுண்ணிய மின்சாரத்தால் அந்தத் தட்டையும் கொடுத்தால், 'நம்ம ஆளு' என்று ஒட்டு கற்றுக்கொள்ளும். அப்புறம் இறுகிவிடும். இறுகியதில் எதையும் எழுத முடியாது.

"இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் வெச்சிருக்கீங்களா?"

"நாலு பேருக்கு. மூணு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"நாலாவது ஆளு?"

டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "இன்னும் இங்கதான் இருக்கார்."

சன்மதிதான் கேட்டாள். "அம்மாக்கு என்னையத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. உன்னைத்தான் முதல்ல எழுதுவோம்." டாக்டர் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு. இந்த அளவு ஒட்டுல மூணு முகத்துக்குத்தான் இடம். பெருசா வெச்சா வலிப்பு வருது. யார் யாருன்னு பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

* * *

கேன்டீனில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"குழந்தை ஒண்ணு, மாப்பிள்ளை ஒண்ணு" என்றாள் சாவித்திரி. "மூணாவது நான். இதுல பேச என்ன இருக்குங்க?"

"ஏன் இல்ல?" என்றாள் ருக்குமணி. "ஒரே சமையக்கட்டுல பத்து வருசமா கூட நிக்கறது யாரு? நீங்க நோம்பிக்கு நோம்பி வந்து பலகாரம் தின்னுட்டுப் போறவீங்க."

"பெத்தவ நானுங்க!"

"பெத்தீங்க, கட்டிக் குடுத்தீங்க. காய்ச்சல்ல அவ கெடந்தப்ப வாந்தியை வழிச்சுப் போட்டது நானு. நாளைக்கு அவ வீட்டுக்கு வந்து என்னையப் பார்த்து, யாருடி நீன்னு அருவாமனையைத் தூக்கினா? நீங்க பல்லடத்துல நிம்மதியா தூங்குவீங்க."

"வாந்தி எடுத்துப் போட்டதுக்குக் கூலி கேக்கறீங்களாக்கும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூபதி தலையைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அத்தை, தப்பா நினைக்காதீங்க. வீட்ல இருக்கறது எங்கம்மாதானே? தினமும் மூஞ்சில முழிக்கோணும்."

சாவித்திரி டம்ளரை நகர்த்தி வைத்தாள். "சரிங்க மாப்ளே. எனக்கு போன் இருக்கு. அவ பயமில்லாம சோறு தின்னாப் போதும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று பெயர்களையும் பூபதி சொன்னபோது டாக்டர் கேட்டார். "கோகிலாகிட்ட பேசினீங்களா?"

"எதைக் கேட்டாலும் என் புருசன் எங்கன்னுதான் கேக்கறா. அவகிட்ட என்னத்தைங்க பேசறது?"

அதுவும் சரிதான் என்று டாக்டருக்குப் பட்டது. அவரும் கேட்கவில்லை.

* * *

ஒட்டு பிடித்தது. எழுதும் வேலை தொடங்கிய காலையில் சன்மதி உள்ளே போக மறுத்தாள். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதட்டுத் தழும்பு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"அம்மா தள்ளும்."

"தள்ளாது சாமி. அப்பா நடுவுல நிக்கறேன்."

நாள் தவறாமல் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்பாள். அந்தப் பக்கம் தலை மழித்த கோகிலா, பொட்டுப் பொட்டாக ஒயர் ஒட்டிக்கொண்டு, "பாவம், யாரு பெத்த புள்ளையோ, இதை வெச்சு நாடகம் ஆடறாங்க" என்பாள். ஒரு நாள் அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கினாள். எழுந்து வந்து தடுப்பில் கையை வைத்தாள்.

"சன்மி? எங்கடி போயிட்டே இத்தனை நாளு? உதட்டுல என்னடி காயம்? எந்தக் கடங்காரி உன்னை அடிச்சது?"

குழந்தை தடுப்பைச் சுற்றி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. நர்சுகள்கூட அழுதார்கள்.

அடுத்த வாரம் பூபதியைப் பார்த்து, "மாமா, சட்டைல பட்டன் பிஞ்சிருக்கு பாருங்க" என்றாள். அதற்கடுத்து ருக்குமணி. "ஏனுங்கத்தை, இப்படி எளைச்சுட்டீங்க? சோறு திங்கறதில்லையா?" என்று மருமகள் கேட்டதும், கேன்டீனில் அத்தனை வாய் பேசியவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாவித்திரி மட்டும் போனில் பேசினாள். நேரில் வரவில்லை.

* * *

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது. கோகிலா மகளை பீரோவுக்கு முன்னால் நிறுத்திச் சடை பின்ன ஆரம்பித்தாள். நிமிர்ந்து பீரோக் கண்ணாடியைப் பார்த்தாள்.

பூபதி அந்த அலறலைத் தெருமுனையில் கேட்டான்.

அவன் ஓடி வந்தபோது தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. இஸ்திரிப் பெட்டியால் அடித்திருந்தாள். மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு மூலையில் ஒண்டியிருந்தாள். குழந்தையின் பாதத்தில் ரத்தம்.

"மாமா, ஒருத்தி! மொட்டைத் தலையோட ஒருத்தி! சன்மி தலைல கை வெச்சுட்டு நின்னா மாமா! சடையைப் புடிச்சிருந்தா!"

"கோகிலா, அது கண்ணாடி. நீதான் அது."

"நானா? என்னைய எனக்குத் தெரியாதா? என்னை மாதிரியே மூஞ்சி வெச்சிருக்கா. ஆனா நான் இல்ல. என் புள்ளையைத் தூக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கா."

ஆராய்ச்சி மையத்தில் தடுப்பு எதிரொளிக்காத ரகம்; அறைகளில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. தலை மழித்த பெண்கள் பார்த்துப் பார்த்து அழுகிறார்களே என்று நர்சுகள் இரக்கப்பட்டு எப்போதோ கழற்றி வைத்தது. அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

பூபதி குளியலறைக் கண்ணாடியைக் கழற்றினான். டி.வி.க்குப் போர்வை போர்த்தினான். போதவில்லை. அந்த மொட்டைத் தலைக்காரி ஜன்னல் கண்ணாடியில் வந்தாள், எவர்சில்வர் குடத்தில் வந்தாள், தண்ணீர் வாளியில் வந்தாள். கோகிலா டம்ளரில் குடிப்பதை விட்டாள். மகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தாள். இமை மூடாமல் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிடித்த இடம் கன்றிப்போனது. "வலிக்குதும்மா" என்று குழந்தை அழுதால், "விட்டா அவ கொண்டு போயிருவா" என்றாள்.

மூன்றாம் நாள் பூபதி காரின் நடுக் கண்ணாடியைத் திருகி எடுத்தான். பக்கக் கண்ணாடிகளை மடக்கினான். பின்னால் வரும் எதையும் பார்க்க முடியாமல் கரூரிலிருந்து கோயம்புத்தூர் வரை ஓட்டினான்.

* * *

"எங்க தப்புதான்" என்றார் டாக்டர் பர்வீன். "ஒட்டு வைக்கும்போது சுத்தி இருந்த கெட்ட திசுவைக் கொஞ்சம் சுரண்டி எடுத்தோம். அவங்களுக்கு அவங்க முகமே 'நம்ம முகம்'னு தோணுற இடமும் அதுல போயிருக்கு. அதுவரைக்கும் இருந்துச்சு. நான் சோதிச்சிருக்கணும். மூணு முகம் யாரு யாருன்னு நாம எல்லாரும் யோசிச்சோம். அவங்க முகம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரல."

"இன்னொரு ஒட்டு வெக்க முடியாதுங்களா?"

"மறுபடி மண்டையைத் திறந்தா பிழைக்கறதே சந்தேகம்."

பூபதி மேசை மேல் கவிழ்ந்தான். "இப்படியே விட்டா அவ என் குழந்தையைக் காப்பாத்தறேன்னு கொன்னுருவாளுங்க."

"ஒரு வழி இருக்கு. ஒட்டு இறுகறதுக்கு இன்னும் சில நாள் பாக்கி. புது இடம் கிடையாது. இருக்கற மூணுல ஒண்ணை அழிச்சு, அந்த இடத்துல அவங்க முகத்தை எழுதலாம்."

"அழிச்சா?"

"அழிஞ்ச ஆள் அவங்களுக்குப் போலி ஆயிடுவார். அதோட இறுகிடும். திரும்ப எழுத முடியாது, எப்பவும்."

பூபதிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனான். அவன் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"என்னையத்தானே? எடுத்துக்கச் சொல்லு."

"அம்மா..."

"நான் தாராபுரத்துல உங்கக்கா ஊட்டுக்குப் போயிக்கறேன். சம்பந்திகிட்ட அன்னைக்கு அவ்வளவு பேசினேன் பாரு, அதை நினைச்சாத்தான்..." முடிக்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

பூபதி டாக்டரிடம் சொன்னான். டாக்டர் தலையசைத்தார். "எழுதி முடிக்கறவரைக்கும் தெரிஞ்ச முகம் எதுவும் அவங்க கண்ணுல படக்கூடாது. ஊருக்குப் போங்க. கூப்பிடறேன்."

கரூர் வீட்டில் ருக்குமணி தன் சேலைகளை ஒரு பையில் அடுக்கினாள். பூஜை அறையிலிருந்த தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து வைத்தாள். புழங்கும் சொம்பை மட்டும் எடுப்பதா விடுவதா என்று வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பூபதியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டறைக்குப் போய்விட்டான்.

வார இறுதியில் போன் வந்தது.

* * *

டாக்டர் அவனை வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"நல்லா வந்திருக்கு. கண்ணாடி கேட்டு வாங்கி வெச்சுட்டிருக்காங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், உட்காருங்க."

"எங்கம்மா தாராபுரம் போயாச்சுங்க. அதெல்லாம் பார்த்துக்கிட்டோம்."

"அவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. அழிச்சது அவங்க முகம் இல்ல."

பூபதிக்கு முதலில் மகள் நினைவுதான் வந்தது. முகம் வெளுத்தது. டாக்டர் அவசரமாகச் சொன்னார். "சன்மதி இல்ல. உங்களை."

அவன் உட்கார்ந்தான்.

"இந்தத் தடவை நான் கோகிலாகிட்ட தனியா பேசினேன். கண்ணாடி இல்லாத ரூம்ல உட்கார வெச்சு எல்லாம் சொன்னேன். தெளிவா கேட்டுக்கிட்டாங்க. அவங்கதான் முடிவு பண்ணாங்க. கையெழுத்தும் அவங்கதான் போட்டாங்க."

"என்னையவா? ஏனுங்க? நான் என்ன பண்ணுனேன்?"

"நானும் கேட்டேன். 'போலின்னு தோணுச்சுன்னா நான் அடிச்சிருவேன் டாக்டர், எனக்கே தெரியும்'னாங்க. 'புள்ளை உதட்டைக் கிழிச்சது நாந்தான்னு இப்பத்தான் சொல்றாங்க. அத்தையை ஒரு தள்ளு தள்ளினா எந்திரிக்க மாட்டாங்க. மாமா தாங்குவாரு'ன்னாங்க."

பூபதி சுவரைப் பார்த்தான்.

"அத்தைகூட நாள் பூரா ஒரே அடுப்புல நிக்கணுமாம். நீங்க காலைல போனா ராத்திரிதான் வருவீங்களாம். உங்ககூட போன்ல பேசிக்குவாங்களாம். நேர்ல பேசறதைவிட நீங்க போன்லதான் நல்லா பேசுவீங்களாமே?"

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"'பொண்ணு பார்க்க வந்தன்னைக்கும் அவரு எனக்கு யாரோதானே'ன்னாங்க. நான் விடல. யாரோங்கறது வேற, போலிங்கறது வேறன்னு சொன்னேன். அதுக்கு, 'உள்ள இருந்து பார்த்தவ நானு, எனக்கா சொல்றீங்க'ன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே டாக்டர்."

டாக்டர் பர்வீன் அவனை நேராகப் பார்த்தார். "முதல் தடவை மூணு பேரை எழுதினப்ப அவங்ககிட்ட நாம ஒரு வார்த்தை கேக்கல, பூபதி."

"தான் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்குமுங்களா?"

"நல்லா இருக்கு. நீங்க வருவீங்கன்னும் தெரியும். ஆனா தெரியறதுனால ஒண்ணும் ஆகப் போறதில்ல. அதுக்குத் தயாரா போங்க."

* * *

கோகிலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி. முளைத்து வரும் தலைமுடியை விரலால் நீவிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். பல மாதங்களாக அவள் முகத்தில் இல்லாத அமைதி இருந்தது. பூபதி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்து நின்றான்.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

அமைதி வடிந்தது. காலை மடக்கிக் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தாள். துண்டை எடுத்துத் தலையை மூடினாள்.

"நீங்கதானா அது?" என்றாள். "ஒருத்தர் வருவாருன்னு டாக்டர் சொன்னாங்க."

"ஆமாங்க."

"அவரு மாதிரியேதான் இருக்கீங்க." துண்டின் முனையை இறுக்கிப் பிடித்தாள். "எனக்குத் தெரியும். நானேதான் சொன்னேன். எல்லாம் தெரியும். ஆனாலும் பயமா இருக்கு. கிட்ட வராதீங்க."

"வரலீங்க."

அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் வராந்தாவை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?"

பூபதி அவளிடம் பத்து வருடத்தில் மரியாதை போட்டுப் பேசியதில்லை. "வந்துருவாருங்க" என்றான். "அதுவரைக்கும் நான் இங்க உக்காந்திருக்கலாங்களா?"

கோகிலா மூலையில் கிடந்த ஸ்டூலைப் பார்த்தாள். அதற்கும் தன் கட்டிலுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள்.

"உக்காருங்க" என்றாள். "கதவை மட்டும் சாத்தாதீங்க."